போர் அங்கே, சிறை இங்கே

"எல்லையில் ஒருவன் உயிரைப் பணயம் வைத்து நிற்பதால்தான் நீ இங்கே நின்று இதையெல்லாம் பேச முடிகிறது." பெண்ணுரிமை பற்றிய கூட்டங்களில் இந்த வாக்கியத்தை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். நன்றியை நினைவூட்டுவது போல அது தொடங்கும். பேசுகிறவள் வாயை மூட வேண்டும் என்பதில் முடியும். எல்லைக் காவலைப் பற்றி இங்கே நான் பேசப் போவதில்லை. கடல் கடந்து, வேறொருவர் மண்ணில் நடக்கும் போர்களுக்கும் இதே வாக்கியத்தைப் பயன்படுத்துகிறார்களே, அதைத்தான் கேள்விக்கு உட்படுத்த நினைக்கிறேன்.

ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இந்த வாக்கியம் அரசாங்கத்தின் மொழியாகவே புழங்கும் நாடு அமெரிக்கா. அதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. படை வெளியே போன அதே காலத்தில் உள்ளே சுதந்திரம் கூடியதா, குறைந்ததா? கூடியிருந்தால், கூட்டியவர்கள் யார்? பெண்கள் பக்கமிருந்து பார்த்தால் விடை இன்னும் தெளிவாகத் தெரியும். எந்தச் சுதந்திரத்தைக் காக்கப் படை போனதோ, அது அவர்களில் பெரும்பாலோரின் கையில் அப்போது இல்லை.

1917 ஏப்ரல் 2 அன்று அதிபர் உட்ரோ வில்சன் நாடாளுமன்றத்தில் பேசினார். உலகத்தை ஜனநாயகத்துக்குப் பாதுகாப்பான இடமாக ஆக்க வேண்டும், அதற்காக அமெரிக்கா ஐரோப்பியப் போரில் இறங்க வேண்டும் என்றார். நான்கு நாள் கழித்துப் பிரதிநிதிகள் சபையில் 373 பேர் போருக்கு ஆதரவாகவும் 50 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். அந்த 50 பேரில் ஒருவர் மொன்டானா மாநிலத்தின் ஜெனட் ராங்கின், அமெரிக்க நாடாளுமன்றத்தில் இடம்பெற்ற முதல் பெண். அவரோடு 49 ஆண்களும் எதிர்த்தே வாக்களித்தார்கள். ஆனால் பத்திரிகைகள் அந்தப் பெண் அழுதாரா இல்லையா என்பதைத்தான் எழுதிக்கொண்டிருந்தன.

அந்த ஆண்டு ஜனவரி முதலே வெள்ளை மாளிகையின் வாசலில் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஆலிஸ் பாலும் லூசி பர்ன்ஸும் வழிநடத்திய வாக்குரிமைப் போராளிகள் அவர்கள். கோஷம் இல்லை, கூச்சல் இல்லை. கையில் பதாகை மட்டும். அதனால் 'மௌனக் காவலர்கள்' என்ற பெயர் அவர்களுக்கு வந்தது. போர் தொடங்கியதும், நாடு ஆபத்தில் இருக்கும்போது இது என்ன வேலை என்று பலரும் கேட்டார்கள். கேரி சாப்மன் கேட் தலைமையிலான பெரிய வாக்குரிமை அமைப்பு போருக்கு ஆதரவு தெரிவித்துவிட்டது. ஆனால் இவர்கள் நகரவில்லை. வில்சன் ஜனநாயகத்தைப் பற்றிச் சொன்ன சொற்களையே பதாகையில் எழுதி அவர் வாசலில் பிடித்தார்கள். ஜூன் 20 அன்று ரஷ்யத் தூதுக்குழு வந்தபோது, இரண்டு கோடி பெண்களுக்கு வாக்கு இல்லாத அமெரிக்கா ஜனநாயக நாடே அல்ல என்று எழுதி வைத்தார்கள். கூட்டம் பாய்ந்து பதாகையைக் கிழித்தது. இரண்டு நாளில் கைதுகள் தொடங்கின. குற்றச்சாட்டு, போக்குவரத்துக்கு இடையூறு செய்தார்கள் என்பது.

ஆகஸ்டில் வில்சனை ஜெர்மன் மன்னர் கைசரோடு ஒப்பிட்டு ஒரு பதாகை எழுந்தது. அன்று பெண்களைத் தாக்கிய கூட்டத்தில் சீருடை அணிந்த கடற்படையினரும் இருந்தார்கள். ஜனநாயகத்துக்காகக் கடல் கடக்க வேண்டியவர்கள், வாக்குக் கேட்ட பெண்ணின் கையிலிருந்து துணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

அக்டோபரில் ஆலிஸ் பாலுக்கு ஏழு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர் உண்ணாவிரதம் இருந்தார். குழாய் வழியே வலுக்கட்டாயமாக உணவு செலுத்தினார்கள். மனநோயாளிகள் பிரிவிலும் கொண்டுபோய் வைத்தார்கள். நவம்பர் 14 இரவு, வர்ஜீனியாவின் ஆக்கோக்வான் பணிச்சிறையில் காவலர்கள் பெண்களை இழுத்து அறைகளுக்குள் எறிந்தார்கள். லூசி பர்ன்ஸின் கைகளைத் தலைக்கு மேலே தூக்கிக் கம்பிக் கதவோடு விலங்கிட்டார்கள். டோரா லூயிஸின் தலை இரும்புக் கட்டிலில் மோதி அவர் நினைவிழந்தார். அந்த இரவில் அங்கிருந்த மேரி நோலனுக்கு வயது 73. அடுத்த மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தக் கைதுகள் சட்டத்துக்குப் புறம்பானவை என்று சொல்லிவிட்டது.

வாசலில் நின்றவர்களுக்கு இந்தக் கதி என்றால், போரையே எதிர்த்துப் பேசியவர்களுக்கு இன்னும் கடுமை. 1917 ஜூன் மாதம் உளவுச் சட்டம் வந்தது. 1918 மே மாதம் அரசத் துரோகச் சட்டம் வந்தது. அரசையோ கொடியையோ ராணுவச் சீருடையையோ இழிவாகப் பேசினால் 20 ஆண்டு வரை சிறை. நான்கு பிள்ளைகளின் தாயான சோசலிஸ்ட் பேச்சாளர் கேட் ரிச்சர்ட்ஸ் ஓஹேர் வடக்கு டகோட்டாவின் ஒரு சிற்றூரில் பேசிய ஒரே பேச்சுக்காக ஐந்தாண்டுத் தண்டனை பெற்றார். கட்டாய ஆள்சேர்ப்பை எதிர்த்த எம்மா கோல்ட்மனுக்கு இரண்டாண்டுச் சிறை. 1919 டிசம்பரில் மேலும் 248 பேரோடு கப்பலேற்றி நாட்டை விட்டே அனுப்பினார்கள். இந்தச் சட்டங்களின் கீழ் வழக்குத் தொடரப்பட்டவர்கள் 2,000 பேருக்கும் மேல். ஜெர்மன் மன்னர் பறித்துவிடுவார் என்று சொல்லப்பட்ட பேச்சுரிமையை, அவர் கப்பல் எதுவும் கரையைத் தொடுவதற்கு முன்பே சொந்த அரசு பறித்துக்கொண்டது.

பேசாமல் இருந்த பெண்களும் தப்பவில்லை. வீரர்களின் உடல்நலத்தைக் காக்க என்று 1918 ஜூலையில் சேம்பர்லின்–கான் சட்டம் வந்தது. ராணுவ முகாம்களை ஒட்டிய ஊர்களில் தனியாக நடந்த பெண், உணவகத்தில் வேலை செய்த பெண், யார் மீது சந்தேகம் விழுந்தாலும் பிடித்துப் பால்வினை நோய்ப் பரிசோதனை செய்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் முறையான விசாரணை இல்லாமல் மாதக்கணக்கில் அடைத்து வைக்கப்பட்டார்கள். அவர்களோடு இருந்த ஆண்கள் கப்பலேறிப் போனார்கள். இந்த ஒரு சட்டத்தைப் படித்த பிறகு, 'நம் சுதந்திரத்தைக் காக்கும் படை' என்ற தொடரில் உள்ள 'நம்' யாரைக் குறிக்கிறது என்று கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

அமெரிக்கப் படையினரில் ஏறத்தாழ 1,16,000 பேர் இறந்தார்கள். பாதிக்கு மேல் நோயால். படையில் பெரும்பான்மையோர் கட்டாய ஆள்சேர்ப்பில் வந்தவர்கள். அவர்கள் துணிச்சலைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒருவன் எவ்வளவு துணிவாகச் செத்தான் என்பது, அவனை அனுப்பியவர்கள் எதற்காக அனுப்பினார்கள் என்ற கேள்விக்கு விடை ஆகாது. கறுப்பின வீரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். 1917 டிசம்பரில், ஹூஸ்டன் நகரக் கலவர வழக்கில் 13 கறுப்பின வீரர்கள் மேல்முறையீடு செய்யும் வாய்ப்பே இல்லாமல் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்கள் நினைவாகச் சட்டைப் பொத்தான்கள் செய்து விநியோகித்தார் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ். அரசு ஆட்கள் வீடு தேடி வந்து தேசத்துரோகம் என்று மிரட்டினார்கள். அவர் பின்வாங்கவில்லை. போர் முடிந்து ஊர் திரும்பிய கறுப்பின வீரர்களை 1919இன் கோடையில் வரவேற்றவை இனக்கலவரங்கள். சிலர் கும்பல்களின் கையில் உயிரை விட்டார்கள்.

இங்கே ஓர் எதிர்வாதம் உண்டு. பெண்கள் போர்க்காலத்தில் உழைத்ததால்தானே வாக்குரிமை கிடைத்தது? 1918 செப்டம்பர் 30 அன்று வில்சனே செனட் சபைக்கு வந்து, போரை வெல்லப் பெண்களுக்கு வாக்குரிமை அவசியம் என்று பேசினாரே? பேசினார். மறுநாளே செனட் அதைத் தோற்கடித்தது. மூன்றில் இரண்டு பங்குக்கு இரண்டு வாக்குகள் குறைந்தன. நவம்பரில் போர் முடிந்தது, வாக்குரிமை வரவில்லை. 1919 ஜனவரியில் பெண்கள் திரும்பவும் வெள்ளை மாளிகை எதிரே வந்து தீ மூட்டினார்கள். வில்சன் ஐரோப்பாவில் ஜனநாயகத்தைப் பற்றி ஆற்றிய உரைகளை அந்தத் தீயில் போட்டார்கள். மறுபடி சிறைக்குப் போனார்கள். செனட் ஒப்புக்கொண்டது அந்த ஜூனில். சட்டத்திருத்தம் நிறைவேறியது 1920 ஆகஸ்டில். போர் ஒரு வாதத்தைக் கொடுத்தது, அதை மறுக்கவில்லை. அந்த வாதத்தை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்க ஆள் இல்லாவிட்டால் அது வெறும் பேச்சாகவே இருந்திருக்கும்.

அடுத்து எல்லோரும் கேட்பது, ஹிட்லரை எதிர்த்த போர் எப்படி என்று. நியாயமான கேள்வி. அந்தப் போர் ஐரோப்பாவில் முகாம் கதவுகளைத் திறந்தது. அங்கே விடுதலை பெற்றவர்கள் உண்டு. அதே ஆண்டுகளில் அமெரிக்காவுக்குள்ளேயும் முகாம்கள் இருந்தன. 1942 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணையின் விளைவாக, ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். அவர்களில் ஒருவர் மிட்சுயே எண்டோ, கலிஃபோர்னியா அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்த்தவர், வயது இருபதுகளின் தொடக்கம். அவருடைய சகோதரர் அமெரிக்க ராணுவத்தில் இருந்தார். தம்மை அடைத்து வைத்தது செல்லாது என்று எண்டோ வழக்குத் தொடுத்தார். மேற்குக் கரைக்குத் திரும்புவதில்லை என்று ஒப்புக்கொண்டால் விடுவிக்கிறோம் என்றது அரசு. வெளியே போனால் வழக்கு வலுவிழந்துவிடும் என்பதால் மறுத்துவிட்டு, உள்ளேயே இருந்தார். 1944 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்பளித்தது. முகாம்களின் முடிவு அதோடு தொடங்கியது. சகோதரர் சீருடையில் இருந்தும் சகோதரிக்குக் கதவு திறக்கவில்லை. தட்டச்சுப் பொறியின் முன் உட்கார்ந்து வேலை பார்த்த அந்தப் பெண் உள்ளே இருந்தபடியே அதைத் திறந்தார், தமக்கு மட்டுமல்லாமல் எல்லோருக்கும்.

1920இல் வந்த வாக்குரிமை தென் மாநிலங்களின் கறுப்பினப் பெண்களுக்குப் பெரும்பாலும் காகிதத்தில்தான் இருந்தது. எழுத்தறிவுத் தேர்வு, வாக்கு வரி, அடி, உதை எல்லாம் குறுக்கே நின்றன. 1965இல் அலபாமாவின் செல்மா இருக்கும் மாவட்டத்தில், வாக்களிக்கும் வயதிலிருந்த கறுப்பினத்தவரில் பட்டியலில் இடம்பெற்றிருந்தவர்கள் ஏறத்தாழ 2 விழுக்காடுதான். அந்த மார்ச் 7 அன்று சுமார் 600 பேர் செல்மாவின் பாலத்தைக் கடந்து நடந்தார்கள். மாநிலக் காவலர்கள் கண்ணீர்ப்புகை வீசித் தடியால் அடித்தார்கள். அமேலியா பாய்ன்டன் என்ற பெண் நினைவிழந்து தரையில் கிடந்த படம் உலகம் முழுக்கப் போனது.

மறுநாள் மார்ச் 8, உலகப் பெண்கள் தினம். அன்று சுமார் 3,500 அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையினர் வியட்நாமின் தா நாங் கரையில் இறங்கினார்கள், சுதந்திரத்தைக் காக்க. செல்மாவில் மண்டை உடைபட்ட இளைஞர் ஜான் லூயிஸ், வியட்நாமுக்குப் படை அனுப்ப முடிந்த அதிபருக்குச் செல்மாவுக்கு அனுப்ப முடியாதா என்று கேட்டார். என் கட்டுரையின் கேள்வியும் அதுதான். நாடு கொதித்தெழுந்த பிறகு, இரண்டு வாரத்தில், அதிபர் ஜான்சன் ராணுவத்தையும் தேசியக் காவல்படையையும் அலபாமாவுக்கு அனுப்பினார். அவர்கள் பாதுகாப்பில் ஊர்வலம் தலைநகரை அடைந்தது. ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. ஆக, வீரர்களால் உள்நாட்டுச் சுதந்திரத்தைக் காக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. அந்த வசந்தத்தில் அதைக் காத்தவர்கள் அலபாமாவின் நெடுஞ்சாலையோரம் நின்றவர்கள். அவர்களை அங்கே வரவழைத்தது பாலத்தில் அடிவாங்கியவர்களின் பிடிவாதம்.

கைசர், டோஜோ, ஹோ சி மின் என்று எதிரியின் பெயர் மாறிக்கொண்டே இருந்தது. இந்தப் பெண்களைச் சிறையில் வைத்தவர்களும் அடித்தவர்களும் அவர்களின் ஆட்கள் அல்ல. சொந்த நாட்டு நீதிபதி, சொந்த நாட்டுச் சிறைக் காவலர், சொந்த மாநிலக் காவல்துறை. அவர்களிடமிருந்து சுதந்திரத்தைக் காக்கப் பிரான்ஸிலும் பசிபிக் தீவுகளிலும் வியட்நாமிலும் நின்ற படையால் முடியாது. அது அவர்களுக்கு இடப்பட்ட பணியும் அல்ல. போர் நடக்கிறது என்ற காரணம் மட்டும் ஒவ்வொரு முறையும் அந்த நீதிபதிக்கும் காவலருக்கும் கைகொடுத்தது.

நன்றி என்று ஒன்று சொல்ல வேண்டுமானால், அதன் முகவரியைச் சரியாக எழுதுவோம். இறந்த வீரனுக்கு நம் துக்கம் உரியது. பேசும் உரிமைக்கான கடன் வேறு பெண்களுக்கும் சேர வேண்டியது. அமேலியா பாய்ன்டன் சிறுமியாக இருந்தபோது, ஜார்ஜியாவில் தம் தாயோடு குதிரை வண்டியில் போய்ப் பெண்கள் வாக்குரிமைக்கான துண்டறிக்கைகளைக் கொடுத்தவர். தாய் கேட்ட அந்த உரிமையைக் கேட்டுத்தான் மகள் 1965இல் பாலத்தின் மேல் நடந்தார். 2015 மார்ச்சில், நூறு வயதைத் தாண்டிய பிறகு, சக்கர நாற்காலியில் அமர்ந்து அதே பாலத்தைத் திரும்பவும் கடந்தார்.