சுரங்க வாயிலோடு முடியும் ஆய்வுகள்

சித்தூர் மாவட்டம் உருவான 1911ஆம் ஆண்டிலேயே, மருத்துவ ஆய்வுகளுக்கு நிதி வழங்க இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கமும் தோன்றியது. 1949இல் அது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமாயிற்று. தொழில்சார் நலனுக்கெனத் தனி நிறுவனம் அகமதாபாத்தில் அமைய 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதற்குள் சாந்திபுரம், குப்பம் வட்டாரத்தை அடுத்து, மாநில எல்லைக்கு அப்பாலுள்ள கோலார் தங்கவயலில் பல தலைமுறைகள் உழைத்து ஓய்ந்துவிட்டன. 1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய சுரங்கங்களுக்குச் சித்தூர், வட ஆர்க்காடு பகுதிகளிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளருள் தலித் மக்களே மிகுதி. கேப்லனும் பர்டனும் 1947இல் வெளியிட்ட ஆய்வு, 7,653 தொழிலாளருள் 43.7 விழுக்காட்டினரிடம் சிலிக்கோசிஸ் நோயைக் கண்டது.

எண்ணப்பட்டோர் சுரங்கத் தொழிலாளர். வேலையை விட்டு ஊர் திரும்பியவரோ பதிவேட்டிலிருந்து நீங்கிவிடுவார், நோய் நீங்காது. தூசியிலிருந்து விலகிய பின்னும் சிலிக்கோசிஸ் முற்றும், காசநோய்க்கும் வழிவகுக்கும். ஊர் மருத்துவமனையில் அது வெறும் காசநோயாகவே பதிவாகக்கூடும். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டபின் புதிதாகப் பெயர் சேர்க்கும் பதிவேடும் இல்லை.

எனவே தொழில்சார் நல ஆய்வுக்கு நிதி கோரும் மாணவர், விண்ணப்பத்தில் ‘ஆய்வுக்குரிய மக்கள்’ என்னும் பகுதியை எழுதுகையில் ஆலை வாயிலோடு நின்றுவிடலாகாது. முன்னாள் தொழிலாளரின் ஊர்களையும், மாநில எல்லை கடந்த பயணத்தையும், ஊரிலேயே எடுக்கும் நெஞ்சக எக்ஸ்ரேயையும், பல்லாண்டுத் தொடர் கண்காணிப்பையும் செலவுத் திட்டத்திலேயே சேர்க்க வேண்டும். செலவுத் திட்டத்தில் இடம்பெறாத மனிதர் முடிவுகளிலும் இடம்பெறுவதில்லை.