எந்த ஸ்டேஷன்ல சொன்னான்?

போன ஞாயித்துக்கிழமை மவர்பார்க் பழைய சாமான் சந்தைக்குப் போனேன். பெர்லினுக்கு படிக்க வர்ற நம்மாளுங்க எல்லாருக்கும் அது ஒரு கோயில் மாதிரி. சைக்கிள், குக்கர், குளிர்கோட்டுன்னு எல்லாம் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். நான் போனது ஒரு டேபிள் விளக்கு வாங்க. வாங்கினேனா? அதான் இல்லை. ஒரு ரேடியோப் பெட்டி முன்னாடி அரைமணி நேரம் நின்னுட்டு வெறுங்கையோட வந்துட்டேன்.

கறுப்பு பேக்லைட் பெட்டி. நடுவுல வட்டமா ஸ்பீக்கர், அதுக்குக் கீழே அலைவரிசை காட்டும் டயல். டயலுக்குப் பக்கத்துல ரெண்டு சின்ன வெள்ளை ஸ்டிக்கர். "அதுக்கு அடியில என்ன?"ன்னு கடைக்காரர்கிட்ட கேட்டேன். உதட்டைப் பிதுக்கிட்டு, "கழுகு. வெளியில காட்டினா கேஸ் ஆயிடும்"னார். அப்பதான் புரிஞ்சுது. நாஜிக் காலத்துப் பெட்டி, டிகேஇ 38.

இந்தப் பெட்டியோட கதையைச் சொல்லாம எங்க தாத்தா கதைக்குப் போக முடியாது. கொஞ்சம் பொறுத்துக்கங்க.

1933 ஜனவரி 30 அன்னிக்கு ஹிட்லர் பதவிக்கு வந்தார். அதே வருஷம் ஆகஸ்ட்ல பெர்லின் வானொலிக் கண்காட்சியில 'மக்கள் ரேடியோ'ன்னு ஒண்ணை இறக்கினாங்க. பேர் விஇ 301. அந்த 301 வேற ஒண்ணும் இல்லை, ஜனவரி 30தான். 30-1. பதவியேற்ற தேதியையே மாடல் நம்பரா வச்சுட்டாங்க! விலை 76 மார்க். அன்னிக்கு மத்த பெட்டிகளை விட இது ரொம்ப மலிவு. 1938ல இன்னும் இறங்கி 35 மார்க்குக்கு வந்ததுதான் நான் சந்தையில பார்த்த டிகேஇ. 1933ல நாப்பது லட்சத்துச் சொச்சமா இருந்த ரேடியோ உரிமம் 1939ல ஒரு கோடியைத் தாண்டிடுச்சு.

ஏழை வீட்டுக்கும் ரேடியோ. சங்கீதம், நாடகம், கால்பந்து வர்ணனை எல்லாம் வீட்டுக்குள்ளேயே. கேட்க நல்லாத்தானே இருக்கு? ஆனா அந்தப் பெட்டிக்கு ஜனங்க வச்ச செல்லப்பேர் 'கோயபல்ஸ் மூஞ்சி'. பேசினது ஒரே ஆள், கேட்டது ஒரு நாடு.

1939 செப்டம்பர் 1, போலந்து மேல படையெடுத்த அதே நாள்ல இன்னொரு உத்தரவும் போட்டாங்க. வெளிநாட்டு நிலையம் எதையும் யாரும் கேட்கக் கூடாது. கேட்டா சிறை. கேட்டதை நாலு பேருக்குப் பரப்பினா மரண தண்டனை வரைக்கும் போகலாம். டயல்ல மாட்டிக்க ஒரு சின்ன எச்சரிக்கை அட்டையே கொடுத்தாங்க. அப்படியும் ராத்திரியில போர்வைக்குள்ள பெட்டியை வச்சுக்கிட்டு லண்டன் பிபிசியைக் கேட்டவங்க இருந்தாங்க. நாட்டை விட்டுப் போன எழுத்தாளர் தாமஸ் மன் 1940லேர்ந்து அந்த பிபிசி வழியாத்தான் தன் ஜனங்களோட பேசினார்.

இதுல ஒரு வேடிக்கை. அடுத்தவன் ரேடியோவைக் கேட்டா தலையை எடுக்கிற நாடு, அடுத்தவன் நாட்டுக்கு மட்டும் தாராளமா ஒலிபரப்பும். 1942ல சுபாஷ் போஸோட ஆசாத் ஹிந்த் வானொலி ஜெர்மனியிலேர்ந்துதான் ஆரம்பிச்சது. அதுல தமிழ்லயும் செய்தி போச்சு. அதுக்கு முந்தின வருஷமே லண்டன்ல பிபிசியும் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கிடுச்சு. ரெண்டு பக்கமும் தமிழன் காதுக்கு அடிபிடி!

சரி, இப்ப தாத்தா கதை. (கொசுவத்தி சுருளை சுத்த விடுங்க.)

எங்க ஊரு கும்பகோணம் பக்கம், ஆடுதுறைக்குக் கிட்ட. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1960கள் நடுவுல ஏடிடி 27ன்னு ஒரு குறுகிய கால ரகத்தை வெளியிட்டாங்க. ஜப்பான் நெல்லையும் நம்ம நெல்லையும் கலந்து உண்டாக்கினது, குறுவைக்கு ஏத்தது. ஆனா அதிகாரி வந்து சொன்னா விவசாயி உடனே கேட்டுடுவானா? ஊர்ல நாலு பேர் போட்டு, விளைஞ்சு, கண்ணால பார்த்தாத்தான் நம்புவான். அதுக்கு வருஷக்கணக்கா ஆகும். அந்த வேலையை திருச்சி வானொலியோட பண்ணை ஒலிபரப்பு சுருக்கமா முடிச்சுது. நாற்று எத்தனை நாள்ல பறிக்கணும், எரு எப்போ போடணும்னு பேச்சுத் தமிழ்லயே சொன்னாங்க. தஞ்சாவூர் ஜில்லா முழுக்க அந்த ரகம் பரவுச்சு. விவசாயிங்க அதுக்கு வச்ச பேரு என்ன தெரியுமா? 'ரேடியோ நெல்லு'! கோயபல்ஸ் மூஞ்சிக்கும் ரேடியோ நெல்லுக்கும் நடுவுல முப்பது வருஷம்கூட இல்லை. பெட்டி என்னவோ ஒண்ணுதான்.

தாத்தா அந்த ரேடியோ நெல்லு போட்டவர். அந்த விளைச்சல்ல வாங்கின பணத்துலதான் வீட்டுக்கு முதல் டிரான்சிஸ்டர் வந்துதாம். போஸ்ட் ஆபீஸ்ல வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டின அந்தச் சின்னப் புஸ்தகத்தை கடைசி வரைக்கும் பெட்டியில வச்சிருந்தார்.

ஆனா அவர் ரேடியோ பக்தர்னு நினைச்சுடாதீங்க. 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. அதுவும் அப்போ அதே தஞ்சாவூர் ஜில்லாதான். கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள்ல 44 பேரை ஒரு குடிசைக்குள்ள வச்சுக் கொளுத்தினாங்க. தாத்தா சொல்வார்: "ரேடியோல யூரியா கணக்கு தினம் வரும்டா. கூலிக் கணக்கு வந்ததா எனக்கு ஞாபகமே இல்லை." சொந்தமா நிலம் இருந்தவர் சொன்னது இது. அதனாலதான் எனக்கு மறக்கலை.

எமர்ஜென்சி வந்தப்ப (1975) ஆல் இந்தியா ரேடியோவை 'ஆல் இந்திரா ரேடியோ'ன்னு கிண்டல் பண்ணாங்க. 1984 அக்டோபர் 31 காலையில இந்திரா காந்தி சுடப்பட்டாங்க. இறந்துட்டாங்கன்னு நம்ம வானொலி சொல்ல சாயங்காலம் ஆச்சு. எங்க ஊர் ஹெட்மாஸ்டர் வீட்டுல மத்தியானமே பிபிசியில கேட்டுட்டாங்களாம். அன்னிலேர்ந்து தாத்தாவுக்கு ஒரு சட்டம்: திருச்சியில ஒரு தடவை, லண்டன் தமிழோசையில ஒரு தடவை. ரெண்டு இடத்துல வந்தாத்தான் அது சேதி. ஒரு இடத்துல மட்டும் வந்தா, "இருக்கட்டும் பார்ப்போம்."

2017ல தமிழோசை வானொலி நின்னுபோச்சு. பேசாம கொஞ்ச நேரம் டயலைத் திருப்பிக்கிட்டே இருந்தார்.

இப்ப வர்றேன் என் கதைக்கு. இதை எழுதத்தான் இவ்வளவு சுத்தி வளைச்சேன்.

2018 மே. ப்ளஸ் டூ ரிசல்ட்டுக்குக் காத்துக்கிட்டு வீட்டுல சும்மா இருந்தேன். வாட்ஸப்ல ஒரு வீடியோ வந்துது. பைக்குல வந்த ரெண்டு பேர் தெருவுல விளையாடற குழந்தையைத் தூக்கிட்டுப் போறாங்க. கூடவே, வடநாட்டுக் கும்பல் நம்ம ஜில்லாவுக்குள்ள வந்துடுச்சுன்னு ஒரு குரல் பதிவு. யோசிக்கவே இல்லை. க்ளாஸ் க்ரூப், ஊர்ப் பசங்க க்ரூப், சொந்தக்காரங்க க்ரூப்னு மூணுக்கும் தட்டி விட்டேன். தாத்தாகிட்டயும் காட்டினேன். முழுசாப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இதை எந்த ஸ்டேஷன்ல சொன்னான்?"

சிரிச்சுட்டு, "தாத்தா, இது வாட்ஸப்பு, இதுக்கெல்லாம் ஸ்டேஷன் கிடையாது"ன்னேன்.

"அப்ப யாருடா சொன்னது?"

பதில் இல்லை.

அதே மே மாசம் 9ஆம் தேதி திருவண்ணாமலை மாவட்டத்துல, கோயிலுக்குப் போற வழியில குழந்தைங்களுக்கு சாக்லேட் கொடுத்த ஒரு அம்மாவை, பிள்ளை பிடிக்க வந்தவங்கன்னு நினைச்சு அடிச்சே கொன்னுட்டாங்க. அந்த வாரமே எங்க ஊர் முக்குலயும் போர்வை விக்க வந்த ஒரு வடநாட்டுப் பையனைப் பிடிச்சு உட்கார வச்சாங்க. என் வயசுதான் இருக்கும். ரெண்டு மூணு அறை விழுந்துது. போலீஸ் வந்து கூட்டிட்டுப் போனதால பொழைச்சான். அவனை அடிச்சவர் கையில இருந்த போன்ல ஓடினது அதே வீடியோ. நான் அனுப்பினதுதான் சுத்திச் சுத்தி அவர்கிட்ட போச்சான்னு எனக்குத் தெரியாது. இல்லைன்னு சொல்லவும் என்னால முடியலை.

அந்த வீடியோ கராச்சியில எடுத்த குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுப் படமாம். கடைசியில அவங்களே குழந்தையைத் திருப்பி விட்டுட்டு ஒரு வாசகம் காட்டுவாங்க. அந்தக் கடைசித் துண்டை யாரோ வெட்டிட்டாங்க. அவ்வளவுதான் விஷயம். ஜூலையில வாட்ஸப், இந்தியாவுல ஒரு தடவைக்கு அஞ்சு பேருக்கு மேல ஃபார்வர்ட் பண்ண முடியாதுன்னு ஆக்குச்சு.

ஊடகத்தால் நன்மையா தீமையான்னு ஸ்கூல்ல பட்டிமன்றம் நடத்துவோமே, ரெண்டு பக்கமும் பேசி பரிசு வாங்கியிருக்கேன். இப்ப பேசச் சொன்னா நான் பெட்டியைக் குத்தம் சொல்ல மாட்டேன், புகழவும் மாட்டேன். பெர்லின்ல ஒருத்தனே பேசினான், இன்னொரு குரலைக் கேட்டா தண்டனை. திருச்சியில நல்லது பேசினாங்க, ஆனா யாரைப் பத்திப் பேசறதுன்னு அவங்கதான் முடிவு பண்ணாங்க. என் போன்ல எல்லாரும் பேசறோம், யார் சொன்னதுன்னு கேட்கத்தான் ஆளில்லை. ராத்திரியில போர்வைக்குள்ள லண்டன் கேட்ட ஜெர்மன்காரனும், திண்ணையில உட்கார்ந்து தமிழோசை கேட்ட எங்க தாத்தாவும் செஞ்சது ஒரே காரியம்: ரெண்டாவது குரலைத் தேடினாங்க. அவனுக்கு அது உயிர் போற விஷயம். எனக்கு ரெண்டு நிமிஷ வேலை. நான் அதைக்கூடச் செய்யலை.

தாத்தா போய் மூணு வருஷம் ஆச்சு. கடைக்காரர் எண்பது யூரோ சொன்னார். நாப்பதுக்குத் தர்றேன்னு வரைக்கும் இறங்கி வந்தார். அந்த ஸ்டிக்கருக்கு அடியில இருக்கறதை என் ரூமுல வச்சுக்க மனசு வரலை.

பி.கு: உங்க வீட்டுல ரேடியோ நெல்லு போட்டவங்க யாராச்சும் இருக்காங்களா? இருந்தா அவங்ககிட்ட கேட்டுப் பின்னூட்டத்துல எழுதுங்க. ரெண்டு இடத்துல கேட்டாத்தானே சேதி! :-)