குழாய் ரேடியோ முதல் ப்ராசஸர் வரை: கிதார் தேடிய ஸ்பீக்கர்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் சேலம், நாமக்கல் பக்கம் எங்காவது ஒரு மாரியம்மன் பண்டிகை நடந்துகொண்டே இருக்கும். பண்டிகை என்றால் ஒரு நாளாவது பாட்டுக் கச்சேரி. மேடையில் பாடகர்களுக்கும் கீபோர்டுக்கும் பின்னால், ஓரமாக, கிதாரோடு ஒருவர் நிற்பார். அவர் காலடியில் இப்போதெல்லாம் பொத்தான் வரிசையோடு தட்டையான ஒரு பெட்டி கிடக்கும். குழுக்காரர்கள் அதை 'ப்ராசஸர்' என்பார்கள், தயாரிக்கும் கம்பெனிகள் 'மாடலர்' என்கின்றன. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்: உலகத்தின் புகழ்பெற்ற கிதார் ஆம்ப்களின் குணத்தைக் கணக்காக மாற்றி உள்ளே வைத்துக்கொண்டு, கேட்கும்போது எடுத்துக் கொடுப்பது.

சரி, அந்தப் பெட்டியிலிருந்து கிளம்பும் ஒயர் எதில் போய்ச் சேர வேண்டும்? வீட்டில் எந்த ஸ்பீக்கர், மேடையில் எந்த ஸ்பீக்கர்? கடைக்குப் போய் விலையைக் கேட்டால் முடிந்துவிடும் கேள்வி மாதிரித்தான் தெரியும். ஆனால் இதற்குப் பின்னால் எண்பது, தொண்ணூறு வருடக் கதை இருக்கிறது. அந்தக் கதை தெரியாமல் வாங்கியவர்களில் பலர் ப்ராசஸரைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். பாவம், அதன் மேல் தப்பில்லை.

கதை அமெரிக்காவில் ஆரம்பிக்கிறது. இன்றைய ஸ்பீக்கர்களின் மூதாதையான சுருள் ஸ்பீக்கரின் வடிவமைப்பை ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் ரைஸ், கெல்லாக் இருவரும் 1925-ல் வெளியிட்டார்கள். 1930-களின் தொடக்கத்தில் ரிக்கன்பேக்கர் மின்கிதார் விற்பனைக்கு வந்தது. காந்தமும் செப்புச் சுருளும் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும், ஆம்ப் அதைப் பெரிதாக்கும், ஸ்பீக்கர் சத்தமாக்கும். திட்டம் இவ்வளவுதான். சத்தம் போதாத ஒரு வாத்தியத்துக்குச் சத்தம் கொடுப்பது.

ஆனால் அந்தக் காலத்து ஸ்பீக்கர் காகிதக் கூம்பு. ட்வீட்டர் கிடையாது. சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதன் சத்தம் சரசரவென்று இறங்கிவிடும். ரேடியோவிலோ கிராமபோனிலோ இது குறை. கிதாருக்கோ இதுவே வரமாகிவிட்டது. ஆம்பை அளவுக்கு மீறித் திருகினால் ஒலி உடைந்து கரகரக்கும். அந்தக் கரகரப்பில் காதைக் குத்தும் மேல் பகுதியைக் காகிதக் கூம்பு வடிகட்டிவிட்டு, இனிமையான உறுமலை மட்டும் வெளியே விடும். லிங்க் ரே என்ற கிதார்க்காரர் 1958 வாக்கில் வேண்டுமென்றே ஸ்பீக்கர் காகிதத்தில் ஓட்டை போட்டார். 'கிங்க்ஸ்' குழுவின் டேவ் டேவிஸ் 1964-ல் பிளேடால் கிழித்தே விட்டார். அந்த உடைந்த சத்தத்துக்காகத்தான்! இங்கிலாந்தில் மார்ஷல் பெட்டிக்குள் செலஷன் ஸ்பீக்கர்கள் நான்கு நான்காக உட்கார்ந்தன. 1986-ல் வந்த செலஷன் 'விண்டேஜ் 30' ஸ்பீக்கரை இன்றைக்கும் விரும்பி வாங்குகிறார்கள். அதன் தரவுத்தாளைப் பாருங்கள்: 70 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரைதான். நாற்பது வருடத்தில் யாரும் அதற்கு ட்வீட்டர் கேட்கவில்லை.

அதாவது மேற்கில் ஸ்பீக்கர் என்பது கிதாரின் பாதி. கம்பி ஒரு பாதி, காகிதம் மறு பாதி.

இங்கே நடந்தது வேறு. 1935-ல் டி.ஆர்.சுந்தரம் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸை ஆரம்பித்தார். அந்த நிறுவனம் 1960-களில் துப்பறியும் படங்களாக எடுத்துத் தள்ளியது. 'வல்லவனுக்கு வல்லவன்' (1965), 'இரு வல்லவர்கள்' (1966), 'வல்லவன் ஒருவன்' (1966) மூன்றுக்கும் இசை வேதா. மேற்கத்திய வாத்தியங்கள் துள்ளும் பாட்டுகள் அவை. ஏற்காடு ரோட்டில் இருந்த அந்த ஸ்டுடியோவின் படப் பாட்டுகள், சுற்றியிருந்த கிராமங்களின் காதுக்குப் போய்ச் சேர்ந்த வழி என்ன? பெரும்பாலும் குழாய் ரேடியோதான். கல்யாணம், காதுகுத்து, கோயில் நோம்பி எதுவானாலும் வேப்ப மரத்திலோ மூங்கிலிலோ கட்டிய கூம்பு ஸ்பீக்கர்.

அந்தக் கூம்புக்கு ஒரு குணம் உண்டு. சின்ன ஆம்பிலிருந்தே இரண்டு மூன்று ஊருக்குக் கேட்கும் சத்தத்தை எடுக்கும். அதற்கு விலையாகக் கீழ்ச் சுருதிகளை விட்டுவிடும். கூம்பின் வாய் அகலமும் உள்ளே மடிந்திருக்கும் குழாயின் நீளமும் அனுமதிக்கிற அளவுக்குக் கீழே சத்தம் ஏறக்குறைய வராது. பேச்சுக்காகச் செய்த சாதனத்தில் அந்த எல்லை சில நூறு ஹெர்ட்ஸில் இருக்கும். கிதாரின் தடித்த கம்பி அதிர்வதோ 82 ஹெர்ட்ஸில்! அப்படியானால் மக்கள் அந்தக் கிதாரைக் கேட்கவே இல்லையா? கேட்டார்கள். அடிச் சுருதி காணாமல் போனாலும் அதன் மடங்குகளான மேல் சுருதிகள் காதில் விழுந்தால், மூளை அடிச் சுருதியைத் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். வயல் தாண்டிக் கேட்ட 'டொய்ங்' சத்தத்தில் பாதி கேட்டவர்களின் மூளை வாசித்தது.

பிறகு மெல்லிசைக் குழுக்களின் காலம். 1991-க்கு முன்பு வெளிநாட்டு ஆம்ப் என்றால் இறக்குமதிக் கட்டுப்பாடும் சுங்கமும் சேர்ந்து கைக்கெட்டாத பொருள். கிதார் கிடைத்தது, கல்கத்தாவின் கிவ்சன் மாதிரி உள்நாட்டுத் தயாரிப்புகள் இருந்தன. மைக் செட்டும் கிடைத்தது, டெல்லியின் அஹூஜா 1940-லிருந்தே இந்தத் தொழிலில் இருக்கிறது. கிடைக்காதது நடுவில் இருக்க வேண்டிய அந்தக் காகிதப் பாதி. அதனால் சிறிய ஊர்க் குழுக்களில் கிதார் பெரும்பாலும் நேராக மிக்சருக்கே போனது. பாடகரின் குரலுக்கென்று வைத்த ஸ்பீக்கரிலேயே கிதாரும் வந்தாக வேண்டும். சுத்தமான சத்தத்துக்கு இது பரவாயில்லை. 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் நிலாப் பாட்டை ஓரளவு ஒப்பேற்றிவிடலாம். கரகரப்பு வேண்டிய பாட்டு வந்தால்தான் சிக்கல். மலிவான டிஸ்டார்ஷன் பெடலை நேராக மிக்சரில் செருகினால், காகிதக் கூம்பு வடிகட்டியிருக்க வேண்டிய அத்தனையும் ட்வீட்டர் வழியாகக் குளவிக் கூட்டம் போலக் கொட்டும். மிக்சர்காரர் உடனே கிதாரைக் குறைத்துவிடுவார். கூட்டத்துக்குக் கிதார்க்காரரின் கை அசைவது தெரியும், சத்தம் தெரியாது. எத்தனை மேடைகளில் இது நடந்திருக்கும்!

இந்த இடத்தில் மாண்டலின் யு.ஸ்ரீநிவாஸை நினைத்துக்கொள்ள வேண்டும். ஜோடிக் கம்பிகள் கொண்ட சாதா மாண்டலினில் கர்நாடக கமகம் நிற்காது என்று ஐந்து ஒற்றைக் கம்பி மின்மாண்டலினுக்கு மாறினார். அவருக்குத் தேவை நீடித்து நிற்கும் சுத்தமான நாதம். சபா ஸ்பீக்கர் அதைக் கெடுக்காமல் கொடுத்தால் போதும். ராக் கிதார்க்காரருக்கோ ஸ்பீக்கர் கொஞ்சம் கெடுத்தால்தான் வேலை ஆகும். மின்சாரம் இரண்டுக்கும் பொதுவானாலும் தேவைகள் நேர் எதிர்.

காணாமல் போன அந்தப் பாதியை முதலில் மின்சுற்றில் செய்து பார்த்தவர்களில் ஆண்ட்ரூ பார்ட்டா முக்கியமானவர். 1989-ல் வந்த அவருடைய 'சான்சாம்ப்' சின்னப் பெட்டியை ஸ்டுடியோ மிக்சரில் நேராகச் செருகலாம். 1995-ல் ரோலண்ட் 'விஜி-8', 1996-ல் லைன் 6 கம்பெனியின் 'ஆக்ஸிஸ் 212' என்று டிஜிட்டல் வந்தது. 1998-ல் அதே லைன் 6, சிறுநீரக வடிவத்தில் சிவப்பாக 'பாட்' என்ற பெட்டியை விட்டது, உலகமே வாங்கியது. 2006-ல் ஃப்ராக்டலின் 'ஆக்ஸ்-எஃப்எக்ஸ்', 2011-ல் 'கெம்பர்', 2015-ல் 'ஹீலிக்ஸ்'. இப்போது சாதாரண ப்ராசஸர்கள்கூட ஸ்பீக்கர் பெட்டியின் கைரேகையை 'இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்' என்ற சின்னக் கோப்பாக உள்ளே வைத்திருக்கின்றன. ஒரு சத்தத்தை விண்டேஜ் 30 பெட்டி எப்படி மாற்றும் என்பதன் கணக்கு அது.

ஆக, மேற்கத்தியக் கலைஞருக்கு மாடலர் என்பது தூக்க முடியாத பெட்டியிலிருந்து கிடைத்த விடுதலை. இந்தப் பக்கத்துக் கச்சேரிக் கலைஞருக்கு அது என்றுமே கையில் இல்லாத பெட்டி முதன்முறையாகக் கிடைத்தது. அவர் மிக்சரில் செருகிப் பழகியவர், ப்ராசஸரும் மிக்சரில் செருகவே பிறந்தது. அமெரிக்காவில் சில வருடம் நடந்த 'ஆம்பா, மாடலரா' சண்டை இங்கே பெரிதாக இல்லாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இனி ஸ்பீக்கர். காகிதக் கூம்பின் வேலையை ப்ராசஸரே செய்துவிடுவதால், வெளியே இருக்கும் ஸ்பீக்கர் தன் பங்குக்கு எதையும் சேர்க்கக் கூடாது. கீழிருந்து மேல் வரை எல்லாச் சுருதியையும் சமமாகக் கொடுக்க வேண்டும். இதைத்தான் சுருக்கமாக எஃப்.ஆர்.எஃப்.ஆர். என்கிறார்கள். சாதாரண கிதார் ஆம்பில் ப்ராசஸரை அப்படியே செருகினால் வடிகட்டியதை மறுபடி வடிகட்டுகிறீர்கள், கம்பளிக்குள் வாசித்த மாதிரி இருக்கும். கிதார் ஆம்ப்தான் இருக்கிறது என்றால் ப்ராசஸரில் கேபினெட் பகுதியை அணைத்துவிட வேண்டும். கேபினெட்டை அணைத்துவிட்டு மிக்சரில் செருகினாலோ பழைய குளவிக் கூட்டம் திரும்பி வரும். ப்ராசஸரைத் திட்டுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த இரண்டில் ஒன்றைச் செய்தவர்கள்.

வீட்டுக்கு என்ன வாங்குவது? 2000-களில் கடை வாசலில் அடுக்கியிருந்த 'பி.எம்.பி.ஓ. 2000 வாட்ஸ்' செட்கள் நினைவிருக்கலாம். அந்த எண்ணுக்கு எந்த ஒழுங்கான அளவுகோலும் கிடையாது. பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். எண். அதைவிட முக்கியம், அந்த செட்கள் பாட்டுக் கேட்க இனிமையாக இருக்கட்டும் என்று பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி வைத்தவை, கிதாரின் உண்மை முகத்தைக் காட்டாது. ஐந்து அங்குல ஸ்டுடியோ மானிட்டர் ஒரு ஜோடி போதும். தார்சு வீட்டு அறையில் வெறும் சுவரும் டைல்ஸ் தரையும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும், மூலையில் வைத்தால் பேஸ் வீங்கும். சுவரிலிருந்து தள்ளி, காது உயரத்தில் வையுங்கள்.

வீட்டில் இன்னொரு கண்ணி இருக்கிறது. குறைந்த சத்தத்தில் மனிதக் காதுக்குக் கீழ்ச் சுருதிகளும் உச்சச் சுருதிகளும் சரியாகக் கேட்காது. பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து சொன்ன விஷயம். ராத்திரியில் மெதுவாக வைத்து 'அட்டகாசம்' என்று செய்து வைத்த டோன், அதனால்தான் மறுநாள் மேடையில் பேஸ் குழம்பி, உச்சியில் குத்துகிறது. மேடைக்கான டோனை ஒரு முறையாவது மேடைச் சத்தத்தில் சரிபார்க்க வேண்டும். 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் பேஸ் கிதார்காரரும் நன்றி சொல்வார்.

மேடைக்கு வந்தால் சட்டமும் கூடவே வருகிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரையறுத்தன. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது, திருவிழாவுக்கென்று மாநில அரசு வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம். 2005-ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. தமிழ்நாட்டில் கூம்பு வடிவம் கூடாது, பெட்டி வடிவம்தான் என்ற நிபந்தனையோடு காவல்துறை அனுமதி தருவது வழக்கமாகிவிட்டது. ஊர்ப் பெரியவர்களுக்கு வருத்தம் இருக்கலாம். கிதாருக்கு அது லாபம், கூம்பில் வராத 82 ஹெர்ட்ஸ் பெட்டியில் வரும்.

கூட்டத்துக்கான சத்தம் மைக் செட்காரர் பொறுப்பு. கிதார்க்காரர் சொந்தமாக வாங்க வேண்டியது தனக்குக் கேட்க ஒன்று: பத்து அல்லது பன்னிரண்டு அங்குலத்தில், உள்ளேயே ஆம்ப் உள்ள பவர்டு ஸ்பீக்கர், சாய்த்து வைக்க வசதியாக. திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 100 டெசிபல் தரும் பெட்டி நாலு மீட்டரில் 88, எட்டில் 82. அதனால் வாட்ஸைக் கூட்டுவதைவிடப் பெட்டியை அருகில், காதைப் பார்த்தபடி வைப்பது சிக்கனம். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல்.

பணத்தைப் பிரிப்பதில் பி.காம். முதல் வருடப் பாடமே உதவும். ப்ராசஸர் தேய்மானம் வேகமான சொத்து, நாலு வருடத்தில் அடுத்தது வந்துவிடும். நல்ல ஸ்பீக்கர் அப்படியில்லை, அடுத்த ப்ராசஸருக்கும் அதுவே உழைக்கும். பலர் தலைகீழாகச் செலவு செய்கிறார்கள்.

கோயில் மேடைகளில் ஜெனரேட்டர் கரண்ட் என்பதால் ஒரு எச்சரிக்கை. வோல்டேஜ் ஒரு நொடி விழுந்தாலும் ப்ராசஸர் கணினி மாதிரி அணைந்து, முதலிலிருந்து தொடங்கும். பல்லவி முடிந்துவிடும். சின்ன யு.பி.எஸ். ஒன்று பையில் இருக்கட்டும். ப்ராசஸரின் ஒரு அவுட்புட்டை மிக்சருக்கும், இன்னொன்றைச் சொந்தப் பெட்டிக்கும் பிரித்து அனுப்பினால், மிக்சர்காரர் எதைக் குறைத்தாலும் வாசிப்பவருக்குத் தன் சத்தம் கேட்கும். பத்து மணிக்குக் கச்சேரியை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தபின் வாசிக்கத் தோன்றினால், அதே ப்ராசஸரில் ஹெட்போனுக்கு ஓர் ஓட்டை இருக்கிறது.