வேரைக் காத்த வரலாறு

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் மக்களுக்குப் பல்வலி புதிதன்று. ஆலங்குச்சியாலும் வேலங்குச்சியாலும் பல் துலக்கிய முன்னோர், வலி கண்டபோது கராம்பை நசுக்கிச் சொத்தையில் வைத்தனர். வலி அடங்கியதும் நோய் தீர்ந்ததென்று கருதினர். பின்னர்க் கன்னம் வீங்கும். பல்லைப் பிடுங்குவதே முடிவாகும். மூதூர் மக்கள் கொட்டியாரக் குடாவை லாஞ்சில் கடந்து நகருக்கு வந்த காலத்தில், ஒரே பயணத்தில் முடியும் காரியமும் அதுவே.

பல்லின் நடுவே பற்கூழ் என்னும் மென்மையான பகுதி உண்டு. நரம்பும் குருதிக் குழாயும் வேரின் நுனி வழியாக அதனுட் புகும். சொத்தை அதனை எட்டினால் வலி மிகும். பற்கூழ் இறந்தால் வலி நிற்கும். ஆயினும் கிருமிகள் உள்ளிருந்து தாடையெலும்பில் சீழ் சேர்க்கும். வலி நின்றமை நலத்தின் அறிகுறியன்று.

பிரான்சு நாட்டுப் பியர் போஷார், பற்கூழை அகற்றும் முறையை 1728இல் வெளியான தம் நூலிற் கூறினார். 1838இல் அமெரிக்கரான எட்வர்ட் மேனார்ட், கடிகார வில்லைத் தேய்த்து வேர்க் கால்வாயைத் துப்புரவு செய்யும் கருவியை ஆக்கினார். மலாயா மரப்பாலாகிய கட்டா பெர்ச்சா, கடலடித் தந்திக் கம்பிக்கு உறையான பொருள். 1867இல் போமன் அதனையே வேரினுள் அடைத்தார். இன்றும் அதுவே பெரிதும் பயன்படுகிறது. உடன் சேரும் பசைகள் சிலவற்றில் கராம்பெண்ணெயின் சாரமும் உண்டு. 1895இல் கண்டறியப்பட்ட எக்ஸ்கதிர், கண்ணுக்குத் தெரியாத வேரைக் காட்டிற்று.

இடையில் ஒரு தடையும் நேர்ந்தது. 1910இல் மொன்றியல் நகரில் பிரித்தானிய வைத்தியர் வில்லியம் ஹன்டர், பழுதான பற்சிகிச்சையால் உடலெங்கும் நோய் பரவுகிறதென்று உரையாற்றினார். அதனால் எழுந்த அச்சத்தில் எண்ணற்ற பற்கள் பிடுங்கப்பட்டன. அக்கொள்கை பிற்கால ஆய்வுகளில் நிலைபெறவில்லை. அச்சம் மாத்திரம் சிலரிடம் எஞ்சியுள்ளது.

இலங்கையில் 1943இல் கொழும்பில் தொடங்கிய பல் வைத்தியக் கல்வி, பின்னர்ப் பேராதனைக்கு மாறியது. திருகோணமலையில் 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. குடாவைச் சுற்றித் தரைவழியே நகரை அடைதலும் எளிதாயிற்று. வேர்ச் சிகிச்சைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை செல்ல நேரலாம். மரத்துப்போகும் ஊசி இடப்படுவதால் அஞ்ச வேண்டியதில்லை. வலி நின்றதென்று இடையில் நிறுத்தலாகாது. கடைவாய்ப் பல்லாயின் இறுதியில் உறையும் இடுதல் நன்று. பிடுங்கிய நிரந்தரப் பல் மீண்டும் முளைப்பதில்லை. கராம்பு வைத்தியரிடம் செல்லும்வரை துணையாகலாம், அவருக்கு மாற்றாகாது.