துப்பறியும் கதைகளில் பெண்: வீடும் கடமையும்

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுப் பக்கம் செல்லும் வழிகளுள் ஒன்று வேலந்தாவளத்தின் ஊடே செல்கிறது. தாவளம் என்றால் தங்குமிடம். வழிப்போக்கர் இளைப்பாறிச் செல்லும் இடம் என்னும் பொருளை ஊரின் பெயரே சுமந்து நிற்கிறது. 1956-ஆம் ஆண்டு மொழிவாரி ராஜ்யங்கள் அமைந்தபோது அவ்வூர் கேரளத்தில் சேர்ந்தது. ஆயினும் அங்குள்ளோர் பலருடைய வீட்டு மொழி தமிழே. கோவை பஸ் நிலையத்தில் ஒரு மர்ம நாவலை வாங்கி, ஜன்னலோரத்தில் அமர்ந்து படித்துக்கொண்டே இந்த எல்லையைக் கடந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். கொலையாளி யார் என்பது புலப்படுமுன் இறங்க வேண்டிய ஊர் வந்துவிடும்!

அத்தகைய கதைகளை நாம் பொழுதுபோக்காகவே கருதிவந்திருக்கிறோம். ஆனால் அவற்றை வரிசையாக அடுக்கிப் பார்த்தால், நம் குடும்பங்கள் தம் பெண்களுக்கு எவ்வளவு இடங்கொடுத்தன என்பதற்கு அவை ஒரு சரித்திரச் சான்றாகவும் விளங்குவதைக் காண்கிறோம். ஒரு பெண் வீட்டுக்கும் உரியவளாய், வெளியே ஒரு கடமைக்கும் உரியவளாய் இருக்க இயலுமா? இக்கேள்வியைத் தமிழ்த் துப்பறியும் கதை எப்படி எதிர்கொண்டது, எவ்வளவு காலம் எதிர்கொள்ளாமல் ஒதுங்கி நின்றது என்பதையே இங்கு ஆராய விரும்புகிறோம்.

தொடக்க காலத்து நாவல்களைப் பாருங்கள். ஜே. ஆர். ரங்கராஜு 1908-இல் வெளியிட்ட 'ராஜாம்பாள்' பெண்ணின் பெயரைத் தாங்கிய கதை. ஆனால் அதில் துப்புத் துலக்குபவர் கோவிந்தன் என்னும் ஆண்மகன். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா'விலும் நிலைமை அதுவே. நாத்திமாரின் சூழ்ச்சிக்கு இரையாகி, கணவனின் சந்தேகத்துக்கும் ஆளாகித் துயருறும் பெண் அவள். இக்கதைகளில் குற்றம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே பிறக்கிறது. பொருந்தா மணமும் மாமியார் வீட்டுக் கொடுமையும் சொத்தாசையும் அதற்கு வித்தாகின்றன. பெண் அக்குற்றத்தின் இலக்காகிறாளேயன்றி, அதை ஆராய்பவளாக ஆவதில்லை. அவளுடைய வேலை பொறுத்திருப்பது. மீட்பவர் வெளியிலிருந்து வருவார்.

அதே காலத்தில் மேல்நாட்டில் வேறொரு தடம் விழுந்திருந்தது. அன்னா காதரீன் கிரீன் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1915-இல் வெளியிட்ட கதைகளில் வயலட் ஸ்ட்ரேஞ்ச் என்னும் செல்வர் வீட்டுப் பெண் தந்தைக்குத் தெரியாமல் துப்பறியும் தொழில் செய்கிறாள். தந்தையால் ஒதுக்கப்பட்ட தமக்கைக்கு உதவப் பணம் தேடுவதே அவள் நோக்கம். வீட்டுக்காகவே வீட்டாரிடம் தன் வேலையை மறைக்கிறாள்! டோரதி சேயர்ஸ் 1935-இல் எழுதிய 'காடி நைட்' இக்கேள்வியை இன்னும் நேராகக் கேட்டது. ஆக்ஸ்போர்டில் பெண்கள் கல்லூரி ஒன்றில் நிகழும் குழப்பங்களை ஆராயும் ஹாரியட் வேன், அறிவுத் தொழிலையும் மண வாழ்க்கையையும் ஒருங்கே ஏற்க முடியுமா என்று நாவல் முழுவதும் தன்னையே கேட்டுக்கொள்கிறாள்.

தமிழில் அக்காலத்துக் கதாநாயகி ஒருத்தியும் இப்படிக் கேட்கவில்லை என்று நாம் வருந்த வேண்டியதில்லை. கேள்வி கதைக்குள் வரவில்லை. கதை எழுதிய ஒருவரின் வாழ்க்கையில் வந்தது. வை. மு. கோதைநாயகி அம்மாள் 1901-இல் பிறந்தவர். ஐந்தரை வயதிலேயே மணம் செய்விக்கப்பட்டார். எழுதப் பயிற்சி போதாமையால், மனத்தில் உருவான தம் முதல் நாடகத்தை அவர் வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக்கொடுத்தார். 'இந்திர மோகனா' என்னும் அந்த நாடகம் 1924-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே 'ஜகன்மோகினி' என்னும் பத்திரிகையின் பொறுப்பை ஏற்று, அதன் ஆசிரியராக நீண்ட காலம் பணியாற்றினார். அவர் எழுதிய நாவல்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை. துப்பறியும் நாவல்களும் அவற்றுள் உண்டு. 1932-இல் தேசியப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். சிறையிலும் எழுதினார்.

இத்தனைக்கும் அவர் திருவல்லிக்கேணியில் ஒரு பெரிய குடும்பத்தின் மருமகள். ஒரு மகனுக்குத் தாய். கணவர் பார்த்தசாரதியின் ஆதரவு இல்லாதிருப்பின் இவ்வளவும் நிகழ்ந்திராது. 1956-இல் அந்த ஒரே மகனை இழந்த துயரம் அவரைத் தளரச் செய்தது. 1960-இல் அவர் காலமானார். வடுவூராரின் மேனகாவுக்கு வாய்க்காத துணிவும் துணையும் அந்நாவல்களைப் படித்து வளர்ந்த தலைமுறையின் பெண் ஒருவருக்கு வாய்த்தன. நம் துப்பறியும் இலக்கியத்தின் மெய்யான கதாநாயகி அவரே என்று சொன்னால் மிகையாகாது.

பின்னர் வந்த கதைகள் பெண்ணைச் சற்று அருகில் அழைத்தன. தேவனின் சாம்புவுக்கு வேம்பு என்னும் மனைவி உண்டு. தமிழ்வாணனின் சங்கர்லாலுக்கு இந்திரா உண்டு. ஆனால் அவர்கள் பெரும்பாலும் வீட்டில் இருந்தார்கள். வழக்கு வெளியில் இருந்தது. பாக்கெட் நாவல்கள் பெருகிய 1980-களில் காட்சி மாறியது. கோவையைச் சேர்ந்த ராஜேஷ்குமாரின் விவேக்குக்கு ரூபலா மனைவி. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்துடன் சுசீலாவும், சுபாவின் நரேந்திரனுடன் வைஜயந்தியும் சக தொழிலாளர்களாகவே துப்பறியப் புறப்பட்டார்கள். இது ஒரு பெரிய முன்னேற்றமே. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். சுசீலாவும் வைஜயந்தியும் நாவலுக்கு நாவல் மணமாகாதவர்களாகவே உலவினார்கள். அவர்களுக்காக வீட்டில் காத்திருக்கும் குழந்தை இல்லை. சோறு வடிக்க வேண்டிய அடுப்பும் இல்லை. மனைவிக்கு வேலை இல்லை, வேலை உள்ளவளுக்குக் குடும்பம் இல்லை என்று பிரித்துவைத்து, கதாசிரியர்கள் அந்தச் சிக்கலைத் தவிர்த்துவிட்டார்கள்.

மெய்யுலகம் அதற்குள் வெகுதூரம் சென்றிருந்தது. 1973-இல் தமிழ்நாட்டுப் போலீஸ் படையில் பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். 1992-இல் சென்னையில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. 1976-இல் ஐ.பி.எஸ். பணியில் சேர்ந்தவர்களுள் இருவரை நாம் நினைக்க வேண்டும். ஒருவர் கேரளத்தின் இடுக்கிப் பகுதியில் பிறந்த லத்திகா சரண். 2006-இல் சென்னை மாநகரக் கமிஷனராகவும், 2010-இல் தமிழகக் காவல்துறையின் தலைமை இயக்குநராகவும் உயர்ந்த முதற்பெண்மணி அவர். மற்றவர் தர்மபுரியைச் சேர்ந்த திலகவதி. காவல்துறை அலுவலோடு எழுத்துப்பணியும் செய்து, கட்டிடத் தொழிலாளப் பெண்களைப் பற்றிய 'கல்மரம்' நாவலுக்காக 2005-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். குற்றங்களை நேரில் கண்ட ஓர் அதிகாரி, உழைக்கும் பெண்ணின் அன்றாட வாழ்க்கையையே நாவலுக்குப் பொருளாக எடுத்தது சிந்திக்கத் தக்கது.

இறுதியாக, 2022-இல் வெளிவந்த 'சுழல்' என்னும் தமிழ்த் தொடர் அந்தப் பழைய கேள்வியை மூடாமல் வைத்தது. அதில் ரெஜினா போலீஸ் இன்ஸ்பெக்டர். கூடவே ஒரு தாய். காணாமற்போன ஒரு பெண்ணைத் தேடும் வழக்கு அவளுடைய சொந்த மகனையே தொட்டு நிற்கிறது. கடமையைச் செய்தால் வீடு நடுங்கும். வீட்டைக் காத்தால் கடமை தவறும். ராஜாம்பாள் வெளிவந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே இத்தகைய பெண்ணை நாம் கதையின் நடுவில் காண்கிறோம்.

இவ்வளவு தாமதம் ஏன்? கதாசிரியர்களை மட்டும் குறை கூறிப் பயனில்லை. வீட்டு வேலை பெண்ணுக்கே உரியது என்று வாசகராகிய நாமும் ஐயமின்றி நம்பியதால், அவ்வேலையைப் பங்கிடும் கதை யாருக்கும் தோன்றவில்லை. கோதைநாயகி அம்மாளுக்குப் புகுந்த வீட்டில் துணை இருந்தது. மும்பையிலும் டில்லியிலும் பெங்களூரிலும் குடியேறி வாழும் நம் குடும்பங்களில் பலவற்றுக்கு அத்துணை இல்லை. மாமியாரும் அத்தையும் ஊரில் இருக்கிறார்கள். அலுவலகத்திலிருந்து இருவரும் ஒரே நேரத்தில் திரும்பும் வீட்டில், விளக்கேற்றுவது யார், குழந்தையின் பாடத்தைப் பார்ப்பது யார் என்பது நாள்தோறும் எழும் கேள்வி. அதற்கு விடை காண எந்தத் துப்பறிவாளரும் வரமாட்டார்.

அடுத்த முறை விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது, வேலந்தாவளத்து வழியிலோ வேறெந்த எல்லையிலோ, நம் கையில் ஒரு மர்மக் கதை இருக்கக்கூடும். கொலையாளி யார் என்று தேடுவதோடு, கதாநாயகி வழக்கின் பின்னே அலையும் அந்த இரவுகளில் அவள் வீட்டில் உலை வைத்தவர் யார் என்றும் ஒரு கணம் தேடிப் பார்ப்போம். கதையில் விடை கிடைக்காவிட்டால், வீடு சேர்ந்ததும் நாமே அதற்கு விடையாகலாம்.