சாணைக்கல்லும் மூச்சும்

போன லீவில் எங்கட கூட்டாளி ஒருத்தன் வீட்டுக் கொட்டிலில் கிடந்த பழைய தண்ணி மோட்டரை, கத்தி செய்யிற பெல்ட் கிரைண்டராக மாற்றினோம். பம்பைக் கழற்றிவிட்டு, மோட்டர் தண்டில் 10 சென்ரிமீற்றர் சில்லு ஒன்று; பெல்ட்டை இழுத்துப் பிடிக்க மேலே இன்னொரு சில்லு. மோட்டர் நிமிடத்துக்கு 2,800 சுற்று என்றால் சாண்ட்பேப்பர் பெல்ட் செக்கனுக்கு 15 மீற்றரளவில் ஓடும். லொறி ஸ்பிரிங் தகடு பின்னேரத்துக்குள் கத்தியாகிவிட்டது. சந்தோசம்தான். ஆனால் இரவு மூக்கைச் சிந்தினால் கறுப்பு.

வரலாறு படிக்கிற ஆக்கள் என்பதால், கத்திக்குப் பேர்போன ஷெஃபீல்ட் நகரத்தைப் பற்றித் தேடி வாசித்தோம்.

இங்கிலாந்தின் அந்த நகரத்தில் முதலில் ஆற்றுத் தண்ணிதான் மணற்கல் சாணைகளைச் சுழற்றியது, பிறகு நீராவி. சாணை பிடிக்கிறவர் மரப்பலகையில், குதிரையில் இருப்பதுபோல் கால் பரப்பி இருந்து, சுழலுகிற கல்லுக்கு மேலே குனிந்து வேலை செய்வார். சக்தி எங்கே இருந்ததோ அங்கேதான் அவர் போகவேணும். பலர் அந்த இடத்துக்கு வாடகையும் கொடுத்தார்கள்.

கல்லின் தூசு நெஞ்சுக்குள் போனது. ஏங்கெல்ஸ் 1845இல் வெளியிட்ட நூலில் ஒரு கணக்கைத் தருகிறார்: ஈரக்கல்லில் வேலை செய்தவர்கள் 45 வயதைத் தாண்டுவது அரிது, உலர்கல்லில் வேலை செய்தவர்களின் சராசரி ஆயுள் 35கூட இல்லை. தூசை இழுக்கிற கருவி வந்தபோது சில தொழிலாளர்களே அதை உடைத்தார்களாம். வேலை ஆபத்தில்லாமல் போனால் ஆட்கள் கூடுவார்கள், கூலி குறையும் என்ற பயம். இந்த இடத்தை வாசித்தபோது எங்களில் ஒருத்தரும் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. உயிரைக் கொடுத்துத்தான் கூலியைக் காப்பாற்ற வேண்டியிருந்திருக்கிறது.

1867இல் வந்த சட்டம், தூசை இழுக்கும் காற்றாடி பூட்டச்சொல்லும் அதிகாரத்தைத் தொழிற்சாலைப் பரிசோதகருக்குக் கொடுத்தது. 1888இல் டெஸ்லா தூண்டல் மோட்டருக்குக் காப்புரிமை பெற்றார். எங்கட தண்ணி மோட்டரும் அந்தப் பரம்பரைதான். அதற்குப் பிறகு சக்தியைத் தேடி ஆறு வரைக்கும் போகத் தேவையில்லை. பிளக் இருந்தால் கொட்டிலே பட்டறை.

ஆனால் கொட்டிலுக்குப் பரிசோதகர் வரமாட்டார். முதலாளியும் நாங்கள், தொழிலாளியும் நாங்கள். இப்போதைய பெல்ட்டில் மணற்கல் இல்லைத்தான். என்றாலும் இரும்புத் தூசும் பிடிக்குப் போடுகிற மரத்தின் தூசும் நெஞ்சுக்கு நல்லதில்லை.

அதனால் வேலையை வெளியே, மாமரத்தடிக்கு மாற்றினோம். பெல்ட்டுக்குக் கீழே தண்ணி வாளி வைத்தோம். தூசு வடிகட்டுகிற நல்ல முகமூடி வாங்க ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டோம். அது வரும்வரை கிரைண்டரைப் போடுவதில்லை என்பது முடிவு. இரண்டாவது கத்தி இன்னும் பாதியில் கிடக்கிறது. கிடக்கட்டும்.