கப்பலும் கிரேஸும்: பிரித்தானியக் கடல் நீதிபதிகள் வரலாற்றில் ஓர் ஏடு

கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. மன்னன் எழுந்து வந்தான். தமிழர் நெஞ்சில் நீதியின் வடிவமாக நிலைத்துவிட்ட கதை இது. வாயில்லா உயிரும் முறையிடலாம் என்பதே அக்கதையின் பெருமை. இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகள் விளங்கிய கடல் நீதிமன்றமோ உயிரே இல்லாத ஒன்றையும் வழக்கில் எதிராளியாக நிறுத்தியது. அதுதான் கப்பல்.

பிறிதொரு கலத்தின்மீது மோதிய கப்பலும், மாலுமியர்க்குக் கூலி நிலுவை வைத்த கப்பலும் தத்தம் பெயராலேயே மன்றத்துக்கு அழைக்கப்பட்டன. உடையவன் எந்நாட்டில் இருந்தாலும் கவலையில்லை. ஆணைத்தாள் பாய்மரத்தில் பொருத்தப்பட்டால் கப்பல் கைதாகிவிடும். பிணை கொடுத்தால் விடுதலை, கொடாவிடில் ஏலம். மரக்கலத்தை மனிதர்போல் பாவித்த இம்மன்றம் மனிதரை எவ்வாறு பாவித்தது? அந்நீதிபதிகளின் வரலாற்றுக்கு இவ்வினாவே உரைகல் எனலாம்.

வெள்ளித் துடுப்பு

இம்மன்றத்தின் தோற்றம் பதினான்காம் நூற்றாண்டைச் சார்ந்தது. அரசனின் கடற்படைத் தலைவரான அட்மிரல், கடலில் எழும் வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரமும் பெற்றார். அவருக்காக அமர்ந்தவரே நீதிபதி. மன்றத்தின் அதிகாரச் சின்னம் வெள்ளியால் ஆன துடுப்பு. நீதிபதியின்முன் வைக்கப்பட்ட அத்துடுப்பே, மரண தண்டனை பெற்ற கடற்கொள்ளையரைத் தேம்ஸ் ஆற்றங்கரையிலுள்ள வாப்பிங் கொலைக்களத்துக்கு இட்டுச்செல்லும் ஊர்வலத்திலும் முன்னே சென்றது.

அதிகாரம் வளர வளரப் பகையும் வளர்ந்தது. அட்மிரலின் மன்றம் நிலத்து வழக்குகளிலும் தலையிடுவதாக எழுந்த முறையீட்டின் பேரில், இரண்டாம் ரிச்சர்டு மன்னன் காலத்தில் 1389, 1391 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பெற்ற சட்டங்கள் அதன் எல்லையைக் கடலளவில் சுருக்கின. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்வர்டு கோக் முதலிய பொதுச் சட்ட நீதிபதிகள் தடையாணைகளால் அதனை மேலும் ஒடுக்கினர்.

இப்பகைக்கு அறிவுலகக் காரணமும் உண்டு. பொதுச் சட்டம் ஆங்கில மண்ணின் வழக்காறு. கடல் மன்றத்தார் பின்பற்றியதோ உரோமானியச் சட்ட மரபும் பன்னாட்டு வணிகர் வழக்கமும். ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் அச்சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர்களே இங்கு வாதிட்டனர். இலண்டனில் தூய பவுல் பேராலயத்தை அடுத்திருந்த 'டாக்டர்ஸ் காமன்ஸ்' என்னும் அவர்தம் கழகத்திலேயே மன்றமும் நடந்தது. திருமண வழக்கும், உயில் வழக்கும், கப்பல் வழக்கும் அதே அறிஞர் குழுவின் கையில் இருந்தன. இளமையில் அங்குச் சுருக்கெழுத்தாளராகப் பணியாற்றிய சார்லஸ் டிக்கன்ஸ், அவ்விந்தையைத் தம் 'டேவிட் காப்பர்ஃபீல்டு' புதினத்தில் எள்ளி நகையாடியுள்ளார்.

ஸ்டோவெல் பிரபு

இம்மன்றத்துக்கு உலகப் புகழ் தேடித் தந்தவர் வில்லியம் ஸ்காட். நியூகாசில் நகர நிலக்கரி வணிகர் ஒருவரின் மகனாக 1745இல் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் பண்டை வரலாற்றுப் பேராசிரியராக விளங்கினார். அகராதி தந்த சாமுவேல் ஜான்சனின் நண்பராகி, அவரது உயிலை நிறைவேற்றியோருள் ஒருவராகவும் அமைந்தார். 1798 முதல் 1828 வரை கடல் நீதிபதியாக இருந்தார். 1821இல் ஸ்டோவெல் பிரபு ஆனார்.

அது நெப்போலியன் போர்க்காலம். ஆங்கிலக் கலங்கள் கைப்பற்றிக் கொணர்ந்த பகைவர் கப்பல்களும் நடுநிலை நாட்டார் கப்பல்களும் இவர்முன் நிறைந்தன. கைப்பற்றியது முறையா என்று இவர் தீர்ப்பளித்த பின்னரே அவை பரிசுப் பொருளாகும். 1799இல் வெளிவரத் தொடங்கிய கிறிஸ்டோபர் ராபின்சனின் தொகுப்புகளால் இவர் தீர்ப்புகள் கடல் கடந்தும் படிக்கப்பெற்றன.

அவ்வாண்டு 'மரியா' என்னும் சுவீடன் நாட்டுக் கப்பலின் வழக்கு வந்தது. போர்க்கலத்தின் காவலுடன் சென்ற சுவீடன் வணிகக் கப்பல்கள் ஆங்கிலேயரின் சோதனைக்கு உடன்படவில்லை. இருக்கை இங்கிலாந்தில் இருப்பினும் தாம் வழங்கும் சட்டத்துக்கு இடம் ஏதும் இல்லை என்றும், ஸ்டாக்ஹோமில் அமர்ந்தாலும் இதே தீர்ப்பையே கூறக் கடமைப்பட்டவர் என்றும் ஸ்காட் அறிவித்தார். கோட்பாடு உயர்ந்தது, ஆயினும் கப்பல் இங்கிலாந்தின் பக்கமே தீர்ப்பாயிற்று. நடுநிலை நாட்டார் இதனை மறக்கவில்லை.

அக்கோட்பாட்டுக்கு மெய்யான சோதனை 1817இல் 'லெ லூயி' வழக்கில் வந்தது. அடிமை வணிகத்துக்குச் சென்ற பிரெஞ்சுக் கப்பல் அது. ஆப்பிரிக்கக் கரையருகே ஆங்கிலக் கலம் அதனைப் பிடித்தது. சியரா லியோன் மன்றம் பறிமுதல் செய்தது. ஸ்காட் அத்தீர்ப்பை மாற்றினார். அமைதிக் காலத்தில் நடுக்கடலில் பிறநாட்டுக் கப்பலை மறித்துச் சோதிக்க எந்நாட்டுக்கும் உரிமையில்லை. நன்னோக்கமே ஆயினும் முறைகேடான வழியால் அதனை அடைதல் ஆகாது என்பது அவர் கருத்து. இம்முறை தோற்றது இங்கிலாந்து. நடுவுநிலை மெய்யாயிற்று, ஆனால் அடிமை வணிகனே அதனால் பயன்பெற்றான்.

கிரேஸ் வழக்கு

பத்தாண்டு கழிந்து வந்த வழக்கு இன்னும் கூரியது. மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான ஆண்டிகுவாவில் கிரேஸ் என்னும் பெண் வீட்டடிமையாக இருந்தார். 1822இல் எசமானியுடன் இங்கிலாந்து வந்து, அடுத்த ஆண்டு அவருடனேயே திரும்பினார். இங்கிலாந்தில் அடிமையைக் கட்டாயப்படுத்திக் கப்பலேற்ற இயலாது என்று 1772இல் சோமர்செட் வழக்கில் மான்ஸ்ஃபீல்டு பிரபு தீர்ப்பளித்திருந்தார். அம்மண்ணை மிதித்த கிரேஸ் விடுதலை பெற்றவரா, திரும்பியதும் மீண்டும் அடிமையா என்பதே வினா.

வழக்கு எழுந்த முறையைக் கருதுதல் வேண்டும். 1825இல் ஆண்டிகுவாவின் சுங்க அலுவலர், சட்டத்துக்கு மாறாக இறக்குமதி செய்யப்பட்ட சரக்கைக் கைப்பற்றுவதுபோலக் கிரேஸைக் கைப்பற்றினார். அரசுக்குப் பறிமுதல் ஆவதே அவர் விடுதலைக்குத் திறந்திருந்த வழி! ஆண்டிகுவா மன்றம் அவரை உடையவரிடம் ஒப்படைக்க ஆணையிட்டது. மேல்முறையீடு 82 வயதை எட்டியிருந்த ஸ்டோவெலிடம் வந்தது. 1827இல் அவர் அத்தீர்ப்பை உறுதி செய்தார். இங்கிலாந்தில் இருந்த அளவும் எசமானர் அதிகாரம் செல்லாதிருந்தது. அடிமைச் சட்டமுள்ள தீவுக்கு மீண்டதும் பழைய நிலையும் மீண்டது என்றார். குடியேற்ற நாடுகளில் அடிமை முறையைக் காத்த நாட்டுக்கு அதனை இழித்துரைக்கத் தகுதியில்லை என்னும் இடித்துரையும் அத்தீர்ப்பினூடே ஒலிக்கிறது. நாட்டின் போலித்தனத்தை அவர் கண்டார். அதன் சுமையையோ கிரேஸ் தலையில் ஏற்றினார்.

கடல் வழக்குகள் கப்பலின் பெயராலேயே தொகுப்புகளில் இடம்பெறும். 'மரியா', 'லெ லூயி' என்னும் வரிசையில் 'அடிமை கிரேஸ்' என்பதும் நிற்கிறது. அரசும் உடையவரும் வழக்காடினர். கிரேஸ் வழக்காடிய ஆள் அல்லர், வழக்குக்குரிய பொருள். மரக்கலம் ஆளாகிய மன்றத்தில் ஆள் சரக்கானது அவ்வாறு.

லஷிங்டனும் உயிரின் விலையும்

1838இல் அவ்விருக்கையில் அமர்ந்தவர் ஸ்டீஃபன் லஷிங்டன். அடிமை ஒழிப்புக்காக நாடாளுமன்றத்தில் நெடுங்காலம் போராடியவர். 1833இன் சட்டப்படி 1834 ஆகஸ்டு முதல் நாள் பிரித்தானியக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை சட்டத்தால் நீங்கியிருந்தது. 1840இன் சட்டம் நீதிபதிக்கு ஊதியம் வகுத்தது. வழக்குக்கு வழக்கு கட்டணம் பெற்ற பழைய முறை மாறியது. நீராவிக் கப்பல்களின் மோதல் வழக்குகள் பெருகின. டிரினிட்டி ஹவுஸ் நிறுவனத்தின் முதிர்ந்த கப்பல் தலைவர்கள் நீதிபதியருகே அமர்ந்து அறிவுரை நல்கினர்.

நல்ல நெஞ்சினர் வந்தும் மன்றத்தின் இயல்பு உடனே மாறவில்லை. கடலில் தத்தளிக்கும் கப்பலையோ சரக்கையோ மீட்டவர்க்கு ஊதியம் உண்டு. உயிரை மட்டும் மீட்டவர்க்கு? 1842இல் 'செஃபைரஸ்' வழக்கில் லஷிங்டன் இல்லை என்றே கூற நேர்ந்தது. மீட்கப்பட்ட பொருள் இருந்தால் அதன்மீது மன்றம் கைவைக்கலாம். உயிர் மட்டுமே மீண்டால் எதன்மீது கைவைப்பது? 1854ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம் உயிர்மீட்புக்கு ஊதியமும் முன்னுரிமையும் தந்தது. நீதிபதியால் ஆகாததைச் சட்டமன்றம் செய்தது.

எஞ்சிய மரபு

லஷிங்டன் 1867இல் விலகினார். பின்வந்த ராபர்ட் ஃபில்லிமோரே தனி நீதிமன்றத்தின் இறுதி நீதிபதி. 1875இல் அம்மன்றம், உயிலும் மணமுறிவும் விசாரிக்கும் பிரிவுடன் இணைக்கப்பட்டது. 1916இல் 'சமோரா' வழக்கில், பரிசு மன்றம் நாடுகளின் பொதுச் சட்டத்துக்கே கட்டுப்பட்டது, அரசாணை அதனை மாற்றாது என்று பிரிவி கவுன்சில் உரைத்தது. சட்டத்துக்கு இடமில்லை என்ற ஸ்டோவெலின் சொல், போரின் நடுவே தன் அரசனையும் கட்டுப்படுத்தும் அளவுக்கு வளர்ந்தது.

அம்மரபின் கிளை இந்நாட்டுக்கும் நீண்டது. கல்கத்தா, பம்பாய், சென்னை உயர் நீதிமன்றங்கள் 1861, 1890, 1891ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வழியே கடல் அதிகாரம் செலுத்தின. 1992இல் 'எலிசபெத்' கப்பலின் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் அப்பழஞ்சட்டங்களின் எல்லை நம் மன்றங்களைக் கட்டாது என்றது. 2017ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் அவற்றை அகற்றியது. இன்றும் கப்பல் தன் பெயரால் கைதாகிறது.

ஒரு பொருளுக்கு ஆளெனப் பெயரிடுதல் கவிஞர்க்கும் நீதிபதியர்க்கும் பொதுவான தொழில். கவிதையில் அது அணி. மன்றத்தில் அது ஆணை. கப்பலுக்கு ஆளுருவம் அளித்த கற்பனையால் கூலியிழந்த மாலுமிகள் பலர் வாழ்ந்தனர், அது போற்றத்தக்கதே. அக்கற்பனை கிரேஸின் வாயிலில் வந்து நின்றுவிட்டது என்பதே அவ்வரலாற்றின் தீராக் குறை. பசுவின் மணியோசைக்கு எழுந்தவனைப் போற்றும் மொழியினர், தொகுப்பேட்டின் கப்பல் பெயர்களிடையே கிடக்கும் ஒரு பெண்ணின் பெயரையும் படித்தல் தகும்.